கடைமடை

பாரிஸ், கால்வாய்க் கம்பெனி, மூன்றாம் மாடி,
கணக்குப் பிரிவு.
என் பெயர் அருளாந்து. சம்பளச் சீட்டில் அருலாந்தூ.
நாளுக்கு எத்தனை கப்பல், எத்தனை டன், எத்தனை பிராங்க் என்று
ஏழு வருடமாய்க் கட்டம் நிரப்புகிறேன்.
சூயஸை நான் பார்த்தது ஒரே ஒருமுறை,
ஊரிலிருந்து வந்தபோது, வயிற்றுக்கடுப்போடு,
கப்பலின் வட்டச் சன்னல் வழியே:
மணல். மணல். ஒரு கழுதை.

ஐம்பத்தாறு, ஜூலைக் கடைசி.
கால்வாய் இனி எகிப்துக்கு என்று வானொலி சொன்ன மறுநாள்
மாடிப்படியில் யாரும் யாருக்கும் வணக்கம் சொல்லவில்லை.

ஆகஸ்டில் கர்னல் பொர்திக்கூர் வந்தார்.
சுவர் வரைபடத்தில் குச்சியை ஊன்றி
"இது நம் குரல்வளை" என்றார்.
மேலாளர் துய்வெர்னேக்கு யோசனை தயாராய் இருந்தது:
"நம் பைலட்டுகளைத் திருப்பி அழைப்போம்.
ஒரே வாரம். தரைதட்டிய கப்பல்கள்
நமக்காக வாதாடும்."
செப்டம்பர் பதினைந்தின் கட்டத்தில்
பென்சிலால் தானே ஒரு பூஜ்யம் போட்டுவைத்தார்.
நல்ல பூஜ்யம். வாத்து முட்டை போல.

பைலட்டுகள் வந்தார்கள்.
கெரெலெக் என்ற பிரெத்தோன்காரர்
சம்பள பாக்கிக்காக என் மேசை முன் நின்றார்.
"கரையோரம் போனால் கப்பலின் பின்பக்கம் இழுக்கும்.
அது கைக்குப் பிடிபட இரண்டு வருடம் வேண்டும்."
யார் கற்றுக்கொடுத்தார்கள் என்றேன்.
பேனாவை மூடினார். திறந்தார்.
"கயிறு கட்டும் படகுக்காரன். அப்துல் ஏதோ.
முழுப்பெயர் கேட்டதில்லை."

சாயங்காலம் தந்தி.
எண்ணிக்கை ஏறக்குறைய முந்தின நாள் போலவே.
ரப்பர் வைத்துத் தேய்த்தேன்.
முட்டை முழுதாய் அழியவில்லை;
அதன் மேலேயே மையால் எழுதினேன்.
துய்வெர்னே வெகுநேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்,
உங்கள் பாஷையில்
மதகைத் திறந்து மூடுகிறவனுக்கு என்ன பெயர்?
மடையன், என்றேன்.
அதற்கு இன்னொரு பொருள் உண்டென்று
அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

நவம்பரில்
திறந்து கிடந்த கால்வாயைத் திறந்துவைக்க
படை போயிற்று.
எகிப்துக்காரர்கள் கப்பல்களைக் குறுக்கே மூழ்கடித்தார்கள்.
இப்போது வந்தது பூஜ்யம்,
மையில், என் கையாலேயே.
நாற்பது, ஐம்பது, அறுபது நாள்.

பெட்ரோலுக்குச் சீட்டு.
எண்ணெய் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிக்கொண்டு
எப்போதோ வரும்.
டாக்சிக்காரர்கள் வண்டியைத் தள்ளிக்கொண்டு
பனியில் வரிசை நின்றார்கள்.
எனக்கு அந்த வரிசை புதிதில்லை.
நான் காரைக்கால்காரன். காவிரியின் கடைமடை.
எங்கோ மேட்டூரில், வேறு கொடியின் கீழ்,
ஒருவன் சக்கரத்தைத் திருப்பினால்தான்
எங்கள் நாற்றங்காலில் ஈரம்.
கடைமடைக்காரனுக்குத் தான் கடைமடை என்பது தெரியும்.
இந்த ஊருக்கு
அந்த டிசம்பர் வரை தெரியாது.

தம்பி கடிதம் எழுதியிருந்தான்:
இங்கும் கொடி மாறி இரண்டு வருடம்.
மறுநாள் காலை தபால்காரர் அதே சைக்கிளில்,
அதே பழுதான மணியோடு வந்தார்.

பிப்ரவரியில் ஒரு சுற்றறிக்கை.
கப்பல்பட்டறைகளில் புதிய எண்ணெய்க் கப்பல்களாம்,
கால்வாய்க்குள் நுழையவே முடியாத பருமனில்.
கர்னல் அப்புறம் வரவில்லை.
வரைபடத்தில் குச்சி குத்திய இடத்தில்
காகிதம் கொஞ்சம் கிழிந்திருந்தது.

ஏப்ரலில் கப்பல்கள் மறுபடி போயின,
கட்டணம் வேறு கல்லாவுக்கு.
கணக்கு இனி எதற்கு என்று யாரும் சொல்லவில்லை,
ஆகவே புதுப் பேரேடு பிரித்தேன்.
தேதி, கப்பல், டன்.
பிராங்க் கலத்தைக் காலியாய் விட்டு
அதன் அருகே இன்னொரு கோடு இழுத்து
தலைப்பு எழுதினேன்: சுற்றிப் போனவை.
மை காய்வதற்குள்
துய்வெர்னே வந்து
மேசை விளக்கை அணைத்துவிட்டுப் போனார்.